ஏழாம் நம்பர் வாய் திறக்கவில்லை

"ஏழு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு" என்றார் ஆபரேட்டரம்மா.

"வரும்" என்றார் கண்ட்ரோல்.

"காலையிலேருந்து இதையேதான் சொல்றீங்க."

"காலையிலேருந்து நீங்களும் இதையேதான் சொல்றீங்க. எட்டு பேர் பதில் சொல்றாங்க இல்ல? ஏழும் சொல்லும். சொல்லாம எங்க போயிடப் போகுது?"

கண்ட்ரோல் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. குடிநீர் இலாகாவின் கண்ட்ரோல் ரூமுக்கு அவர்தான் இன்ஜினியர். எல்லாரும் 'கண்ட்ரோல் சார்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அசல் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது. அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. உள்ளூர ஒரு பெருமைதான்.

ஊரைச் சுற்றி ஒன்பது தண்ணீர்த் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். மோட்டார் அறைச் சுவரில் இரும்புப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கும். கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர், பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல, ஒவ்வொரு பெட்டியையும் வரிசையாகக் கூப்பிடும். 'தொட்டியில தண்ணி எத்தனை சதவீதம்? மோட்டார் ஓடுதா?' என்று கேட்கும். பெட்டி பதில் சொன்னால் சுவர் நிறைந்த திரையில் அந்த நம்பர் பச்சை. சொல்லாவிட்டால் சிவப்பு. ஒன்பது வரை கேட்டுவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். நாள் முழுக்க இதே கேள்வி, இதே பதில். மனுஷனாக இருந்தால் ரெண்டாவது சுற்றிலேயே கை நீட்டியிருப்பான்.

இத்தனையையும் அமைத்தது கண்ட்ரோல்தான். இன்று நாலு மணிக்குத் தலைமை இன்ஜினியர் நேரில் வருகிறார். ஆபீசில் அவரை எல்லாரும் 'பெரியவர்' என்பார்கள். ஒன்பதும் பச்சையாக இருந்தால் அவர் கையெழுத்துப் போடுவார், கண்ட்ரோலுக்குத் தனி அறையும் பதவி உயர்வும் கிடைக்கும். நேற்று சாயங்காலம் வரை ஒன்பதும் பச்சைப் பசேலென்றுதான் இருந்தன. இன்று காலை வந்து உட்கார்ந்தால் ஏழு மட்டும் சிவப்பு.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவர் இவ்வளவு அலட்டிக்கொண்டிருக்க மாட்டார். வீட்டில் மாமியார் வந்து ஒரு வாரம் ஆகிறது. வந்த அன்றே மகளிடம், "மாப்பிள்ளைக்கு என்னதான் வேலை?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்ப்பாரும்மா" என்று மகள் சொல்ல, "தண்ணியைப் பார்க்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்றார். பக்கத்து அறையில் இருந்த கண்ட்ரோலுக்கு அது சுருக்கென்று தைத்தது. நேற்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, லேப்டாப்பில் இந்த ஏழாம் நம்பரையேதான் காட்டி விளக்கினார். பச்சை என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன, பக்கத்தில் ஓடும் எண் என்ன என்று ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை, "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒற்றை 'ம்'முக்குத்தான் இன்று நாலு மணிக்குப் பதில் சொல்லப்போகிறார் அவர்.

மேஜை போன் அடித்தது. பெரியவர்தான்.

"என்னப்பா, ரெடியா?"

"எல்லாம் ரெடி சார்."

"ஒரு சந்தேகம். வெளியாள் எவனாவது இந்தப் பெட்டிக்குள்ள புகுந்து மோட்டாரை நிறுத்திட்டா என்ன பண்றது?"

"நடக்காது சார். பாஸ்வேர்டு என் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. அதோட, பெட்டி ஒரு நேரத்துல ஒருத்தர்கிட்டதான் பேசும். அடுத்தவன் வந்தா வாசல்ல நின்னு கை வீங்கத் தட்ட வேண்டியதுதான். அது என் சொந்த யோசனை சார்."

"பலே. ஒன்பதும் பச்சைதானே?"

கண்ட்ரோல் திரையைப் பார்த்தார். "ஏழுல மட்டும் சின்னதா ஒரு இது. ஃபிட்டர் சரியா முடுக்கலை போல. நாலு மணிக்குள்ள சரியாயிடும்."

"இந்த இலாகாவுல யார் தப்புன்னு கேட்டா ஆளாளுக்குக் கையை விரிச்சிடறாங்கப்பா. அதான் எனக்கு ஆத்திரம்."

"நான் சொல்றேன் சார். ஏழு யாரால சிவப்பாச்சோ, அவரைக் கொண்டுபோய் ஏழுலயே ஒரு மாசம் உட்கார வைங்க. அப்புறம் யாரும் தப்புப் பண்ண மாட்டாங்க."

பெரியவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "ஆர்டரை டைப் பண்ணி வை. பேரை நான் வந்து போட்டுக்கறேன்" என்று போனை வைத்தார்.

ஏழாம் நம்பர் ஒரு குன்றின் உச்சியில் இருந்தது. மேலே ஒரு கட்டில், ஒரு ஜன்னல், தலைமாட்டிலேயே மோட்டார். அங்கே காவலுக்குப் போட்ட ஆட்கள் எல்லாரும் காது மந்தமாகித்தான் இறங்கி வந்தார்கள். கண்ட்ரோல் ஆர்டரை அழகாகச் சொல்லச் சொல்ல, ஆபரேட்டரம்மா டைப் அடித்தார். பெயருக்கு மட்டும் இடம் விட்டார்.

"பாவம் சார் ஃபிட்டர். போன மாசம்தான் குழந்தை பிறந்துச்சு."

"பாவம் பார்த்தா வேலை நடக்குமா? சரி, ஏழுக்கு எத்தனை தடவை கேட்டுப் பார்க்குது?"

"மூணு தடவை. பதில் வரலைன்னா எட்டுக்குப் போயிடுது."

"அதான் விஷயம். மூணு தடவை கூப்பிட்டா யார் மதிப்பாங்க? முப்பதாக்கறேன்."

ஆக்கினார். கம்ப்யூட்டர் ஏழின் வாசலில் போய் நின்றது. முப்பது தடவை கூப்பிட்டது. அதுவரைக்கும் எட்டையும் ஒன்பதையும் கேட்க ஆளில்லை, ஒன்றாம் நம்பருக்குச் சுற்று திரும்பவே இல்லை. திரையில் ஒவ்வொரு பச்சையாக மஞ்சளுக்கு மாறியது. மஞ்சள் என்றால், காட்டுகிற கணக்கு பழசு என்று அர்த்தம்.

"சார், இப்ப எல்லாமே மஞ்சள்" என்றார் ஆபரேட்டரம்மா.

"மஞ்சள் மங்கலகரமான நிறம். பார்த்துட்டே இருங்க."

அந்த நேரத்தில் மேஜை போன் அடிக்க ஆரம்பித்தது. கண்ட்ரோல் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். அப்புறம் கைபேசி அடித்தது. வீட்டு நம்பர். மனைவி வேலைக்குப் போயிருப்பாள், அத்தைதான் கூப்பிடுகிறார். எண்ணெய் எங்கே, உப்பு எங்கே என்று கேட்பார். கண்ட்ரோல் அதை நிறுத்தி, சட்டைப்பையில் போட்டார்.

"எடுத்துப் பேசிடலாமே சார்" என்றார் ஆபரேட்டரம்மா.

"வேலை நேரத்துல தொந்தரவு பண்ணக் கூடாது, என் பொருளைத் தொடக் கூடாது. வீட்டுல இந்த ரெண்டுதான் சட்டம். ரெண்டாவதை ஒழுங்கா மதிக்கிறாங்க, முதலாவதுதான் இன்னும் பழகலை."

பத்து நிமிஷம் கழித்து வால்வுக்காரர் உள்ளே வந்தார். தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்து மூடுகிறவர். தோளில் நீளமான இரும்புச் சாவி. ரொம்பப் பேச மாட்டார்.

"ஏழுல எழுபத்தொண்ணு இருக்குங்க. கிழக்குத் தெருவுக்குத் திறந்து விட்டுட்டேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கண்ட்ரோல் அவரையும் சிவப்பாக நின்ற ஏழையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுபத்தொண்ணா? எனக்கே தெரியாதே, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வால்வுக்காரர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா? எல்லாம் உங்க புண்ணியம்தான்" என்று சொல்லிவிட்டு, சாவியைத் தோள் மாற்றிக்கொண்டு போனார்.

"கிண்டல் பண்ணிட்டுப் போறார் பாருங்க" என்றார் கண்ட்ரோல். "வாய்க்கு வந்த நம்பரைச் சொல்றது. எழுபத்தொண்ணாம்."

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பெட்டியைப் பார்க்கக் குன்றின் மேல் போயிருந்த ஃபிட்டரைக் கூப்பிட்டு, தொட்டியில் அளவுக் கம்பு விட்டுப் பார்க்கச் சொன்னார். ஃபிட்டர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கச் சொன்னார்: "எழுபத்தொண்ணு சார்."

ஆபரேட்டரம்மா நாற்காலியைத் திருப்பினார். "குழாய்ல காதை வெச்சே கண்டுபிடிச்சிடுவாராம் சார் அவர். என் அண்ணன் சொல்லியிருக்கான்."

"காதும் வேணாம், மூக்கும் வேணாம். தற்செயலா பொருந்தியிருக்கு." கண்ட்ரோல் போனை இன்னும் கிட்டே பிடித்தார். "ஃபிட்டர், பெட்டி செத்துப் போச்சா, உசிரோட இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு சார். விளக்கு மினுக் மினுக்குன்னு விடாம மினுக்குது. யார்கிட்டயோ பேசிட்டேதான் இருக்கு."

"என்கிட்ட பேசலையே. வேற யார்கிட்ட பேசும்? உங்க மச்சான்கிட்டயா?"

"விளக்கு மினுக்குனா பேசுதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க."

"அது பேச்சு இல்லை, உளறல். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

ஃபிட்டர் அணைத்தார், போட்டார். திரையில் ஏழு ஒரு நிமிஷம் யோசித்தது. திரும்பச் சிவப்பு. கண்ட்ரோல் இன்னொரு தடவை அணைக்கச் சொன்னார். மூன்றாவது தடவை ஃபிட்டர் அவசரத்தில் பெரிய சுவிட்சையே இழுத்துவிட, பெட்டியோடு சேர்ந்து மோட்டாரும் நின்றது. மேலே போய்க்கொண்டிருந்த தண்ணீர் குழாயில் தடதடவென்று திரும்பி வந்து, அடிவாரத்தில் குழாய் மூட்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு பீய்ச்சியடித்தது.

"சார், இங்க ரோட்டுல குளிச்சிட்டிருக்காங்க" என்றார் ஃபிட்டர், எட்டிப் பார்த்துவிட்டு.

"சந்தோஷம். மோட்டாரைப் போடுங்க. மூட்டுக்கு ஆள் அனுப்பறேன். உங்க முடுக்கல் லட்சணம் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"நான் முடுக்கினதுல தப்பு இல்லை சார்." ஃபிட்டரின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அந்த ஆர்டர் விஷயம் என் காதுக்கும் வந்துச்சு. குழந்தை ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை சார். அவ ஒருத்தியா சமாளிக்கணும்."

கண்ட்ரோலுக்கு ஒரு கணம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் நம்பிக்கை அதைவிடப் பெரிசு. தன்னுடைய அமைப்பில் தப்பு இருக்க முடியாது. அப்படியானால் தப்பு குன்றின் மேல்தான் இருக்க வேண்டும், குன்றின் மேல் இருப்பது ஃபிட்டர் ஒருவர்தான். கணக்கு சுத்தமாக வந்தது.

அடுத்ததாகக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். பதிலுக்கு ரெண்டு நொடி காத்திருந்த கம்ப்யூட்டர் இருபது நொடி காத்திருக்கத் தொடங்கியது. கேள்வி முப்பது தடவை, ஒவ்வொன்றுக்கும் இருபது நொடி. ஒரு சுற்று முடிவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். இதற்கிடையில் ரெண்டாம் நம்பர் தொட்டி நிரம்பி வழிந்தது, யாரும் கேட்காததால் அது யாரிடமும் சொல்லவில்லை. வழிகிற தொட்டிக்கு என்று தனியாகப் போட்டிருந்த அபாய மணி மட்டும் அலறியது. கண்ட்ரோல் மணியின் மேல் தன் கோட்டைப் போட்டு மூடினார். கோட்டுக்குள்ளிருந்து அது முனகிக்கொண்டே இருந்தது.

மறுபடி வீட்டிலிருந்து அழைப்பு. மறுபடி நிறுத்தினார்.

மறுபடி வால்வுக்காரர் வந்தார். "ரெண்டு வழியுதுன்னு ஜனங்க சொன்னாங்க, மூடிட்டேன். ஏழுல அறுபத்தாறு. நடுவுல கொஞ்ச நேரம் சிவப்பா இருந்துச்சாம், இப்ப சரியாயிடுச்சு."

"எது சிவப்பா இருந்துச்சு?"

"ஏழுதான்."

"ஏழு காலையிலேருந்தே சிவப்புதான். இதோ திரையில தெரியுது, இதைப் பார்த்துச் சொல்றதுக்கு ஒரு ஆளா?" என்று கண்ட்ரோல் எரிந்து விழுந்தார். வால்வுக்காரர் திரையை அப்போதுதான் கவனித்தார். புரியாமல் தலையைச் சொறிந்தார். பெரிய படிப்பு படித்தவர்கள் எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள், நமக்கு எதற்கு வம்பு என்று வெளியே போனார்.

ஃபிட்டர் கம்பு விட்டுப் பார்த்தார். அறுபத்தாறு.

"இவரை வெச்சே ஒன்பது தொட்டியையும் பார்த்திருக்கலாம்" என்றார் ஆபரேட்டரம்மா, யாரையும் பார்க்காமல். "கரண்டு செலவு மிச்சம்."

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே வாசலில் கார் நின்றது. கண்ட்ரோல் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். முப்பதை மூன்றாக்கி, இருபதை ரெண்டாக்கி, கம்ப்யூட்டரையே மொத்தமாக அணைத்துப் போட்டார். பெரியவர் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்த நேரம், சுவர் முழுக்க ஒன்பது சிவப்பு வட்டங்கள் அவரை வரவேற்றன.

"இதுதான் ரெடியா?"

"இப்ப பாருங்க சார்" என்றார் கண்ட்ரோல். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் யாரும் சொத்தை எழுதி வைத்திருப்பார்கள்.

ஒன்று பச்சையாயிற்று. ரெண்டு, மூன்று என்று வரிசையாகப் பூத்தன. ஆறு பச்சை. ஏழு சிவப்பு. எட்டும் ஒன்பதும் பச்சை. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏழையே உற்றுப் பார்த்தார். ஏழும் அவரை உற்றுப் பார்த்தது.

"யார் தப்பு?"

"என் பக்கம் எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டேன் சார். பாக்கி இருக்கிறது ஃபிட்டர் வேலை ஒண்ணுதான்."

ஆபரேட்டரம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார். ஃபிட்டர் மேலிருந்து சொன்னார்: "சார், நான் கும்பிட்டுச் சொல்றேன், பெட்டி நல்லா இருக்கு. விளக்கு மினுக்குது. அது பேசுது சார்."

"பேசுதுன்னா இங்க ஏன் கேட்கலை?" என்றார் பெரியவர்.

ஃபிட்டர் மறுபடி திருகாணிகளை முடுக்கிப் பார்க்கிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பெரியவர் பெருமூச்சு விட்டார். ஆர்டரைத் திரையில் கொண்டுவரச் சொன்னார். 'இத்தவறுக்குக் காரணமானவர், எந்தப் பதவியில் இருப்பவராயினும், நாளை முதல் ஒரு மாதம் ஏழாம் நிலையத்தில் தங்கிப் பணியாற்ற வேண்டும்.' நல்ல வாசகம் என்று பாராட்டினார். எந்தப் பதவியில் இருப்பவராயினும் என்பது நான் சேர்த்தது சார் என்றார் கண்ட்ரோல். ஆபரேட்டரம்மா பெயர் போட வேண்டிய இடத்தில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பெயரை அடிக்க மனசே வரவில்லை.

அப்போது வால்வுக்காரர் கதவருகில் வந்து நின்றார். பெரியவரைக் கண்டதும் சாவியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"மன்னிக்கணும். ஏழு அறுபத்தெட்டு. சாயங்காலத் தண்ணி திறக்கட்டுங்களா?"

பெரியவர் திரும்பினார். "என்னது?"

"காலையிலேருந்து இப்படித்தான் சார் சொல்றார்" என்று ஆபரேட்டரம்மா முந்திக்கொண்டார். "ஒண்ணு கூடத் தப்பலை."

பெரியவர் ஃபிட்டரைக் கம்பு விடச் சொன்னார். எல்லாரும் காத்திருந்தார்கள். கோட்டுக்குள் மணி கூட அடங்கியிருந்தது. "அறுபத்தெட்டு சார்" என்றது ஸ்பீக்கர்.

பெரியவர் எழுந்து போய் வால்வுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை செலவு பண்ணிப் பெட்டி வாங்கி மாட்டியிருக்கோம். அது குருடா நிக்குது. நீங்க குழாய்ல காதை வெச்சு உள்ளதை உள்ளபடி சொல்றீங்க. எத்தனை வருஷ அனுபவம் இது? எப்படிங்க முடியுது?"

கண்ட்ரோலும் விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றாலும் பெருந்தன்மையாகத் தோற்க அவருக்குத் தெரியும். "எனக்கும் சொல்லிக் கொடுங்க. நான் கத்துக்கத் தயார்" என்றார்.

வால்வுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காதை வெச்சா? குழாய்ல காதை வெச்சா சளிதாங்க பிடிக்கும். காலையில இங்க போன் பண்ணேன், யாரும் எடுக்கலை, மோட்டார் ரூம் சுவத்துல அவசரத்துக்குன்னு சார் எழுதி ஒட்டியிருக்கிற அவர் வீட்டு நம்பருக்குப் பண்ணேன், அவர் மாமியார்தான் கேட்கறப்பல்லாம் பார்த்துச் சொல்றாங்க. மாப்பிள்ளை தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காராம், அதனால நேத்து ராத்திரி அவர் திறந்து வெச்ச லேப்டாப்பை இன்னும் மூடவே இல்லையாம், அதுல ஏழு பச்சைப் பசேல்னு பேசிட்டே இருக்காம்."